வீட்டு ரோஜாவுக்குத் தோட்டக்காரர் கிடைப்பாரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. மாடியிலோ கொல்லையிலோ கிராஸ் செய்து, அதாவது ஒரு ரோஜாவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி விதை எடுத்து, புது ரோஜா உருவாக்கியவர்கள், அதை வியாபாரத்துக்கு விளைவிப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நர்சரி நடத்திய காலத்தில் இரண்டு பக்கத்து ஆட்களோடும் பேசிப் பழகியவள் நான். அதனால் செஞ்சிலந்தி, சாம்பல் நோய்க் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

கேள்வி: என் மாடித் தோட்டத்தில் நானே கிராஸ் செய்து வளர்த்த ஒரு செடி, வெளிர் ரோஸ் நிறத்தில் விளிம்பு மட்டும் அடர்த்தியாகப் பூக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோகிறார்கள். ஓசூரில் பாலிஹவுஸ் வைத்திருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்துப் போட்டோ காட்டினேன். "நல்லாருக்கு மேடம்" என்றார். அதோடு சரி. இப்போது போனையும் எடுப்பதில்லை. எங்கே பிசகியது?
— வாசகி, ஏற்காடு

பதில்: ஒன்றும் பிசகவில்லை. நீங்கள் தட்டிய கதவு வேறு, அவ்வளவுதான். உங்கள் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனசுக்குள் கணக்கு ஓடியிருக்கும். தண்டு 60 சென்டிமீட்டர் வருமா? இருபது தண்டை ஒரு கட்டாகக் கட்டி அட்டை சுற்றினால் மொட்டு நசுங்குமா? குளிர் அறையில் இரண்டு நாள், லாரியில் ஒரு நாள் கிடந்த பிறகு தண்ணீரில் வைத்தால் கழுத்து தொங்கிவிடுமா? ஒரு சதுர மீட்டரில் வருஷத்துக்கு எத்தனை தண்டு வெட்டலாம்? இதில் ஒன்றுக்கும் போட்டோவில் பதில் இல்லை.

அவர் நிலைமையையும் யோசியுங்கள். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூரைக் குடிலில் ஒரு ரகத்தை நட்டால் அது அங்கே ஐந்தாறு வருஷம் நிற்க வேண்டும். கூரைக்கு வாங்கிய கடனை அந்தச் செடிதான் அடைக்க வேண்டும். அவர் நட்டிருக்கும் தாஜ்மகால், அவலாஞ்ச், கோல்ட் ஸ்ட்ரைக் மாதிரி ரகங்கள் எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏகப்பட்ட நாற்றுகளை வளர்த்து, வருஷக்கணக்கில் கழித்துக் கட்டி, மிஞ்சியதில் பொறுக்கியவை. மாடியில் வளர்ந்த ஒற்றைச் செடியை நம்பி அவர் ஒரு பாத்தியைக்கூடக் காலி செய்யமாட்டார். செய்யாதவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் யாரிடம் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீளத் தண்டோடு வெட்டி விற்கிற கொய்மலர் விளைவிக்கிற பாலிஹவுஸ்காரர் ஒருவர். கிலோக் கணக்கில் உதிரிப்பூ விற்கிற திறந்தவெளி விவசாயி இன்னொருவர். தொட்டிச் செடியும் ஒட்டுச் செடியும் விற்கிற நர்சரிக்காரர் மூன்றாமவர். உங்கள் வர்ணனையைப் பார்த்தால் உங்கள் செடி மூன்றாமவருக்கு உரியது. விளிம்பில் நிறம் கட்டுகிற பூ, பூத்த நிலையில் தொட்டியோடு நின்றால் பார்க்கிறவர் வாங்கிவிடுவார். நர்சரிக்காரருக்குத் தண்டு நீளம் கவலையில்லை. கண் வைத்தால், அதாவது தண்டின் மொட்டுக் கண்ணை வெட்டி வேறு செடியில் ஒட்டினால், பிடிக்கிறதா, மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வந்து மொட்டையாகிவிடாமல் நிற்கிறதா, எட்டு இஞ்ச் தொட்டியில் பூக்கிறதா, இதுதான் அவர் கேட்பது.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. விதையிலிருந்து வந்த செடி சொந்த வேரில் நிற்கிறது. நர்சரியில் அது வேர்ச்செடியின் மேல், அதாவது வேரை மட்டும் கொடுக்கிற வேறு ரோஜாவின் மேல், ஒட்டாக நிற்கப்போகிறது. சொந்த வேரில் சோனியாக இருந்த செடி ஒட்டில் பிய்த்துக்கொண்டு வளர்வதும் உண்டு, நேர்மாறாக நடப்பதும் உண்டு. பக்கத்தில் கண் கட்டுகிறவர் ஒருவரைப் பிடித்து, உங்கள் ஊர் நர்சரிகள் எந்த வேர்ச்செடியைப் பயன்படுத்துகிறார்களோ அதே வேர்ச்செடியில் பத்துச் செடி கட்டுங்கள். வேர்ச்செடி எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மொசைக் வைரஸ் பெரும்பாலும் ஒட்டு வழியாகத்தான் பரவுகிறது. நல்ல ரகம் ஒன்று நோய்ச்செடியாகவே பெயர் வாங்கிவிடக் கூடாது. இரண்டு பருவம் அந்தப் பத்தும் ஒரே மாதிரி பூத்தால், போட்டோவை வீட்டில் வைத்துவிட்டுப் பூத்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பாலிஹவுஸ் ஆசை விடவில்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை. மொட்டு விரியத் தொடங்கும் நேரத்தில் ஐந்து தண்டு வெட்டி, ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்து, பிறகு செய்தித்தாளில் இறுகச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்க உலர்வாகப் போட்டுவிடுங்கள். மறுநாள் அடியில் ஒரு இஞ்ச் நறுக்கி, ஏசி இல்லாத அறையில் தண்ணீரில் வையுங்கள். பக்கத்திலேயே மார்க்கெட்டில் வாங்கிய தாஜ்மகால் ஐந்து தண்டையும் அதே பாடு படுத்தி வையுங்கள். உங்களுடையது முதலில் தலை தொங்கினால், ஓசூர் பஸ் டிக்கெட் மிச்சம்.

இன்னொன்று. ஜனவரியிலும் பிப்ரவரி 14 வரைக்கும் ஓசூர்ப் பக்கம் தலை வைக்காதீர்கள். காதலர் தின ஏற்றுமதி நேரத்தில் அவர்களுக்குச் சொந்த வீட்டுக் கல்யாணத்தையே தள்ளிவைக்கத் தோன்றும்.

கேள்வி: நான் சிறு விவசாயி. அரை ஏக்கரில் ரோஜா போட்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறேன். பொழுதுபோக்காகக் கிராஸ் செய்து பார்க்கிறேன். எந்த மாதிரி ரகம் எடுத்தால் மற்ற விவசாயிகள் கேட்டு வாங்குவார்கள்?
— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஐரோப்பாவில் ஜாடிக்கு ரோஜா எடுக்கிறார்கள், தோட்டத்துக்கு எடுக்கிறார்கள். மாலைக்கு யார் எடுக்கிறார்கள்? நம் ஊரில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மூட்டை மூட்டையாக ரோஜா போகிறது. அதற்கென்றே குறி வைத்து உருவாக்கிய ரகம் என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. பன்னீர் ரோஜாவில் வாசம் இருக்கிறது, இதழ் நிற்பதில்லை. கெட்டியான சிவப்பு ரகங்கள் பயணம் தாங்கும், ஆனால் முகர்ந்தால் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே பூவில் கொண்டுவருகிறவருக்கு ஆள் தேடி அலைகிற வேலையே இருக்காது. விவசாயிகள் தேடிக்கொண்டு வருவார்கள்.

நாற்றுகளைக் கழிக்கும்போது நீங்கள் பூக்கண்காட்சி நடுவர் மாதிரி பார்க்கக் கூடாது. பறிக்கிறவர் மாதிரி பாருங்கள். விடிவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் பறிக்கிற பெண்களுக்கு முள் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூவுக்குக் கீழே உள்ள அரையடித் தண்டு மட்டும் முள்ளில்லாமல் வழவழவென்று இருந்தாலே போதும், ஒரு ஆள் பறிக்கிற எடை கூடும். பறிப்புக் கூலிதான் இந்தப் பயிரில் பெரிய செலவு. பூ, காம்பிலிருந்து நகத்தால் கிள்ளினால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். நார் நாராக இழுத்துக்கொண்டு வருகிற ரகத்தைக் கூலிக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சபிப்பார்கள்.

அடுத்து எடை. பூ எண்ணிக்கை ஏமாற்றும். நாற்றுக்கு நாற்று தனித்தனிக் கவரில் பறித்து, வாரம் ஒரு நாள் தராசில் வைத்து, எழுதி வையுங்கள். சிவப்பு வெயிலில் ஊதாவாகத் திரும்புகிறதா என்று சித்திரை மாதத்தில் பாருங்கள். ஊதா அடித்த பூவுக்கு மண்டியில் விலை பாதி.

பிறகு பயணம். ஒரு கிலோ பறித்து, நீங்கள் வழக்கமாக அனுப்புகிற அதே பையில் கட்டி, அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பி, மறுநாள் காலையில் யாரையாவது அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பை அடியில் இதழ் எவ்வளவு உதிர்ந்து கிடக்கிறது, கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா. இவை உங்களுக்கே தெரியும். பல பேர் விட்டுவிடுகிற சோதனை இதற்கு அடுத்தது. அந்தப் பூவில் ஒரு அரைக் கிலோவை மாலை கட்டுகிற கடையில் கொடுத்து, கட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். இதழ்கள் வந்து சேர்கிற அடிக்கிண்ணம் கெட்டியாக இருந்தால் ஊசி உள்ளே போய் நூல் நிற்கும். மெலிதாக இருந்தால் கிண்ணம் பிளந்து பூ அவிழ்ந்துவிடும். கட்டுகிற அம்மா பேசிக்கொண்டே பத்துப் பூவில் எத்தனையை ஓரமாக ஒதுக்குகிறார் என்று பாருங்கள். எந்த ஆராய்ச்சி நிலையத்து மதிப்பெண்ணும் அதற்கு ஈடில்லை. அவர் "இந்தப் பூ எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டால், மண்டிக்காரர் காதுக்கு அது சாயங்காலத்துக்குள் போய்விடும். மண்டிக்காரர் விவசாயியிடம் கேட்பார். நீங்கள் விவசாயிகளிடம் போவதைவிட இந்த வழி சீக்கிரம்.

கிராஸ் செய்கிற முறை உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்குச் செல்லில் பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம் 28. பல காட்டு ரகங்களுக்கும் பழைய ரகங்கள் சிலவற்றுக்கும் 14. 28-ஐயும் 14-ஐயும் சேர்த்தால் பிறக்கிற பிள்ளை 21-உடன் வரும், பூ நன்றாகவே பூக்கும், ஆனால் அதற்கு மேல் விதை பிடிப்பது கஷ்டம். காய் பிடிக்கவில்லை என்று உரத்தைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். சமவெளியில் கார்த்திகை, மார்கழியில் மகரந்தம் தடவினால் பங்குனி வாக்கில் காய் நிறம் மாறும். கோடையில் தடவிய காய் பாதியில் கொட்டிவிடும்.

கேள்வி: வீட்டில் ரோஜா எடுத்து, உண்மையிலேயே வியாபாரத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா? இல்லை, இதெல்லாம் ஆறுதலுக்குச் சொல்வதா?
— வாசகர், மதுரை

பதில்: இருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் வில்லியம் ராட்லர் என்று ஒருவர். ஒரு தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். ரோஜா எடுப்பது வீட்டு நிலவறையில், ட்யூப் லைட் வெளிச்சத்தில். கரும்புள்ளி நோய் வந்த இலைகளைப் பொறுக்கிக் காயவைத்துப் பொடியாக்கி, வேண்டுமென்றே தன் நாற்றுகள் மேல் தூவுவார். மேலேயிருந்து தண்ணீர் தெளித்து இலையை ஈரமாகவே வைப்பார். எது சாகவில்லையோ அதுதான் வேண்டும். அப்படி மிஞ்சிய ஒன்றை கொனார்ட்–பைல் என்ற நர்சரிக் கம்பெனி எடுத்து, 2000-ம் ஆண்டு 'நாக் அவுட்' என்ற பெயரில் வெளியிட்டது. மருந்தே அடிக்காத ரோஜா என்று அமெரிக்கா முழுக்கச் சாலையோரம், கடைவாசல் எங்கும் நட்டார்கள். ரோஜா ரசிகர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். வாசம் இல்லை, இதழும் கொஞ்சம்தான். ஆனால் நர்சரிக்காரருக்குத் தேவையானதை அந்தச் செடி கொடுத்தது.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் விவசாயி டேவிட் ஆஸ்டின் கதை வேறு மாதிரி. பொழுதுபோக்காக எடுத்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' ரோஜா, வருஷத்துக்கு ஒரே தடவை பூப்பது. நர்சரிக்காரர்கள் திரும்பிப் பார்க்காத குணம் அது. சன்னிங்டேல் நர்சரியில் இருந்த கிரஹாம் தாமஸ் என்ற ரோஜா அறிஞருக்குப் பிடித்துப்போய், 1961-ல் அந்த நர்சரி மூலம் வெளிவந்தது. பிறகும் பெரிய வியாபாரிகள் யாரும் ஆர்வம் காட்டாததால் 1969-ல் தானே நர்சரி தொடங்கினார். இன்று அந்தப் பெயர் தெரியாத ரோஜாக்காரர் கிடையாது. ஆஸ்திரேலியாவில் அலிஸ்டர் கிளார்க் வசதியானவர், பணம் தேவையில்லை. தன் ரோஜாக்களை ரோஜா சங்கங்களிடம் கொடுத்துவிடுவார். சங்கம் நர்சரிகள் மூலம் விற்று நிதி சேர்த்துக்கொள்ளும். 1924-ல் வந்த 'லொரெய்ன் லீ' அங்கே வீட்டுக்கு வீடு நின்றது.

நம் பக்கம் கொடைக்கானலிலேயே பாருங்கள். ஐ.ஏ.எஸ். பணியை முன்கூட்டியே விட்டுவந்த வீரராகவனும் மனைவி கிரிஜாவும், வெப்பநாட்டுக்குத் தாங்குகிற ரோஜா வேண்டும் என்று மணிப்பூர் மலைக் காட்டு ரோஜாவான ரோசா ஜைஜான்டியாவையும், வங்காளத்து ஆற்றங்கரை ரோஜாவான ரோசா கிளைனோஃபில்லாவையும் வைத்துக் கலப்புகள் செய்தார்கள். அவர்கள் ரோஜாக்கள் அமெரிக்க நர்சரிகள் வரைக்கும் போயின. தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜா வைத்திருக்கிறார்கள்.

நால்வர் கதையிலும் நடுவில் ஒரு நர்சரிக்காரரோ சங்கமோ இருந்தது. ரோஜா நன்றாக இருந்ததால் மட்டும் தானாக நடந்துவிடவில்லை.

கேள்வி: ஒரு பெரிய நர்சரி என் ரோஜாவைப் பரிசோதித்துப் பார்க்கக் கண்குச்சி கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் அவர்களே பெருக்கி விற்றுவிட்டால்? பதிவு செய்யாமல் கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சந்தேகப்படுவது தப்பில்லை. கண்குச்சி என்பது ஒட்டுக் கட்டுவதற்காக வெட்டுகிற தண்டு, ஒன்றில் ஐந்தாறு கண் இருக்கும். கை தேர்ந்தவர் அதை ஐந்தாறு செடியாக்கி, அடுத்த வருஷம் அதை நூறாக்குவார். அதற்காகப் பயந்து யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் உங்களோடு அந்தச் செடியும் கிழடாகும்.

முதலில் சட்டம். நம் நாட்டில் செடிக்குக் காப்புரிமை கிடையாது, 1970-ன் காப்புரிமைச் சட்டம் தாவரங்களை விலக்கியிருக்கிறது. அதற்குப் பதில் 2001-ன் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆணையம் டில்லியில். ரோஜாவும் அதில் பதிவு செய்யக்கூடிய பயிர்தான். உங்கள் ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, செடிக்குச் செடி ஒரே மாதிரி இருப்பது, பெருக்கினாலும் மாறாதது என்று சோதித்துப் பதிவு செய்வார்கள். உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இது: விண்ணப்பிக்கிற தேதிக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் அந்த ரகம் உங்கள் சம்மதத்தோடு விற்பனைக்குப் போயிருந்தால், புதுமை போய்விட்டது, பதிவு கிடைக்காது. ஆனால் விற்காமல் வெறும் சோதனைக்குக் கொடுத்தால் உரிமை போகாது என்று அதே சட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கொடுங்கள். சோதனைக்குத்தான் கொடுத்தீர்கள் என்பதற்குக் காகிதம் மட்டும் இருக்கட்டும்.

அந்தக் காகிதத்துக்கு வக்கீல் பாஷை வேண்டாம். தேதி போட்டு, எத்தனை கண் கொடுத்தீர்கள், எத்தனை செடிக்கு மேல் கட்டக் கூடாது, எந்த இடத்தில் நடுவார்கள், எத்தனை பருவம் பார்ப்பார்கள் என்று எழுதுங்கள். விற்பதோ மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பதோ கூடாது. முடிந்த பிறகு வேண்டாமென்றால் செடிகளைப் பிடுங்கிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டுமென்றால் விற்பதற்கு முன்னால் தனியாக ஒப்பந்தம். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்தச் செடியில் கிளை ஒன்று வேறு நிறத்தில் பூத்தால் அது யாருக்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. இவ்வளவுதான், ஒரு பக்கம்.

செடிக்குப் பெயர் வைத்துக் கொடுக்காதீர்கள். நம்பர் போதும். பெயர் சொன்னால் அந்தப் பெயரிலேயே செடி ஊர் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், நம்பிக்கைதானே முக்கியம் என்று சொல்கிற நர்சரி எவ்வளவு பெரியதானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நேர்மையான நர்சரிக்காரருக்கு இந்தக் காகிதம் பிடிக்கும். நாளைக்கு நீங்கள் அவர்மேல் பழி போட முடியாது பாருங்கள்.

முடிந்தால் ஒரே இடத்தில் கொடுக்காமல், ஒரு மலை ஊர், ஒரு சமவெளி ஊர் என்று இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒவ்வொருவரையும் அவர் வழக்கமாக விற்கிற ரகத்தில் பத்துச் செடியைப் பக்கத்திலேயே நடச் சொல்லுங்கள். தனியாகப் பார்த்தால் எல்லா ரோஜாவும் அழகுதான்.

கேள்வி: கடையில் வாங்கிய டச்சு ரோஜாவிலிருந்து மகரந்தம் எடுத்து என் செடிக்குத் தடவலாமா? அந்த ரகத்துக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனி கேஸ் போடுமா?
— கல்லூரி மாணவி, சென்னை

பதில்: தடவலாம். பதிவான ரகத்தையே பெற்றோராக வைத்துப் புது ரகம் உருவாக்குவதை நம் சட்டம் அனுமதிக்கிறது. ஒவ்வொரு தடவை விதை உற்பத்திக்கும் அந்தப் பெற்றோர் திரும்பத் திரும்ப வேண்டும் என்கிற பயிர்களுக்குத்தான் உரிமையாளரின் அனுமதி தேவை. ரோஜாவைக் கண் கட்டித்தானே பெருக்குகிறோம், அந்தப் பிரச்சினை வராது. ஆனால் அந்தப் பூவை விளைவிக்கிற பாலிஹவுஸ்காரரிடம் போய்க் கண்குச்சி கேட்டுத் தொந்தரவு செய்யாதே அம்மா. அவர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தாய்ச்செடிப் பொருளை வெளியே தரக் கூடாது என்று இருக்கும்.

கட்டு ரோஜாவில் மகரந்தம் எடுக்க, இதழை உரித்துவிட்டு மகரந்தப் பைகளைக் கத்தரிக்கோலால் வெள்ளைக் காகிதத்தில் வெட்டிப் போட்டு, மின்விசிறிக் காற்றுப் படாமல் ஒரு ராத்திரி வை. காலையில் மஞ்சள் தூள் உதிர்ந்திருந்தால் வேலைக்கு ஆகும். பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால் வேறு ரகம் வாங்கு. எந்த ரகம், எந்தத் தேதி, எந்தக் கடை என்று நோட்டில் எழுது. பின்னால் பதிவுக்குப் போனால் பெற்றோர் விவரமும், அவற்றை முறையாகப் பெற்றதற்கு உறுதிமொழியும் கேட்பார்கள். பூவைத் தொட்ட பிறகு கையைக் கழுவிவிடு, நிறைய மருந்து குடித்த பூ அது.

கேள்வி: நான் வேலை செய்யும் பண்ணையில் ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தது. அதை வெட்டி வீட்டில் ஒட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். இது என்னுடைய ரகமா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கண்ணு நல்ல கண்ணுதான். அமெரிக்காவின் முதல் தாவரக் காப்புரிமையே, 1931-ல், இப்படிக் கிளையில் மாறிய 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு முடிச்சு. செடி பண்ணைக்காரருடையது. மூல ரகம் பதிவானதாக இருந்தால், அதிலிருந்து மாறி வந்ததை விற்க மூல உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கண்டுபிடித்தவர் நீங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பங்கு பேசுங்கள். ஒளித்து வைத்தால் அந்தக் கிளை உங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டாது.

கேள்வி: என் ரோஜாவுக்கு எங்கள் தலைவர் பெயரை வைக்கலாமா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: உயிரோடு இருப்பவர் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாங்கினாலும் யோசியுங்கள், மற்றக் கட்சிக்காரர் வீட்டில் அந்தச் செடி விற்காது. உலக அளவில் ரோஜாப் பெயர்களைப் பதிந்து வைப்பது அமெரிக்க ரோஜா சங்கம், அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆட்கள் கடைப் பெயர் ஒன்று, பதிவுக் குறியீடு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வார்கள். 'நாக் அவுட்'டின் குறியீடு 'ராட்ராஸ்'. ஆங்கிலத்தில் எழுதினால் முதல் மூன்றெழுத்து ராட்லரைக் குறிக்கும். நர்சரிக்காரர் நாளைக்கு வேறு பெயரில் விற்க ஆசைப்பட்டாலும் குறியீட்டை வைத்து உங்கள் செடி என்று கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: விளைவிப்பவர்களை எங்கே போய்ப் பார்ப்பது? தெரிந்தவர் யாரும் இல்லை.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: மே மாதம் ஊட்டி ரோஜாக் கண்காட்சிக்குப் போனால் ரசிகர்கள்தான் அதிகம் கிடைப்பார்கள், ஆனாலும் நர்சரிக்காரர்கள் சிலர் வருவார்கள். கொய்மலர் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் (சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்) இருக்கிறது, பயிற்சிக்கு வருகிற விவசாயிகளை அங்கே சந்திக்கலாம். உங்களுக்குப் பக்கம் தோவாளைப் பூ மார்க்கெட். விடியற்காலை மார்க்கெட்டில் நின்று ரோஜா மூட்டை இறக்குகிறவரிடம் எந்த ஊர்ப் பூ என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் போனால் பத்துப் பேர் தெரிந்துவிடுவார்கள். முதல் நாளே உங்கள் ரோஜாவைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் ரோஜாவில் என்ன தொல்லை என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

கேள்வி: எல்லாம் சரி, காசு எவ்வளவு வரும்?
— வாசகர், சேலம்

பதில்: நேரே கேட்டதற்கு நன்றி. ஒரு செடிக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசுவதுதான் வழக்கம். கணக்குக்குச் செடிக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நர்சரி வருஷத்துக்கு 5,000 செடி விற்றால் 10,000 ரூபாய். உங்கள் தொட்டி, உரம், தண்ணீர்ச் செலவுக்கு வரும், வீடு கட்ட வராது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா என்றால், அந்த நர்சரி எத்தனை செடி கட்டுகிறது என்று எண்ணிப் பார்க்க உங்களுக்கு வழியில்லாத பட்சத்தில் அதுவே மேல். ராயல்டி என்றால் செடிக்குச் செடி மாட்டுகிற சீட்டை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள், மிச்சச் சீட்டை எண்ணினால் விற்ற கணக்கு வந்துவிடும். உதிரிப்பூ விவசாயியிடம் ராயல்டி பேச்சையே எடுக்காதீர்கள். நடைமுறையில் வசூலிக்க முடியாது. அவரிடம் ஒட்டுச் செடியை விலைக்கு விற்றுவிடுங்கள், முதல் இரண்டு வருஷம் அந்த ரகம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும், அதற்குள் சம்பாதித்துக்கொள்ள வேண்டியதுதான்.